பத்து இருபத்தேழுக்கு வெளியே எடுத்த வெந்தய பேட்ச்

1. முதல் நாள்

எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி, முதல் வகுப்பு. அந்தச் சான்றிதழோடு வேலைக்குப் போன முதல் நாள் எனக்குக் கொடுத்த வேலை வெந்தயத்தில் கல் பொறுக்குவது.

இது தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. தி. நகரில் ஒரு சந்துக்குள் பழைய வீடு, அதன் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட கார் ஷெட். அதுதான் எங்கள் கம்பெனியின் ‘ஆர் அண்ட் டி’. ஃபேக்டரி ஈக்காட்டுத்தாங்கலில் இருந்தது. விதை, வேர், பட்டை ஆகியவற்றிலிருந்து எக்ஸ்ட்ராக்ட் எடுத்து மருந்துக் கம்பெனிகளுக்கு விற்பது தொழில். வெந்தயத்தில் இருக்கும் சபோனின் என்ற சத்து சர்க்கரை நோய்க்கு நல்லது என்று வெளிநாட்டில் அப்போது கிராக்கி ஏறிக்கொண்டிருந்தது.

எனக்கு எதிரே முறத்தோடு உட்கார்ந்திருந்தவர் தனலட்சுமி. எல்லோருக்கும் தனம். விதை புடைப்பது, அரைப்பது, கண்ணாடிச் சாமான் கழுவுவது எல்லாம் அவர் பொறுப்பு. சைதாப்பேட்டை ஆற்றோரக் குடிசையிலிருந்து தினமும் காலையில் மகளோடு நடந்தே வருவார். மகள் செல்விக்கு தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. கணவர் கோவிந்தன் பெயின்டர். சாரத்தில் ஏறி மூன்றாவது மாடி உயரத்தில் நின்று அடிக்கிற ஆள்.

என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “இதுக்கா சார் அவ்ளோ படிச்ச?” என்று கேட்டார் தனம். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஒரு வாரத்தில் இரண்டு பேரும் சேர்ந்து முதலாளியைக் கிண்டல் செய்கிற அளவுக்கு வந்துவிட்டோம்.

வெந்தய வேலை பார்ப்பவனுக்கு வியர்வையே வெந்தயமாக நாறும். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். கே.கே. நகர் வீட்டில் என் மனைவி என் தலையணை உறையைத் தனியாகத் துவைப்பாள். தனம் வீட்டில் அந்தத் தொல்லை இல்லையாம். கோவிந்தன் மேல் அடிக்கும் டர்பன்டைன் வாடை வெந்தயத்தை அமுக்கிவிடும் என்று சொல்லிச் சிரிப்பார்.

2. சிங்கப்பூர் பெட்டி

முதலாளி வரதராஜனை எம்.டி. என்போம். மயிலாப்பூர்க்காரர். கெட்டவர் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். அவருடைய மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து தன் அக்காவுக்கு, அதாவது எம்.டி.யின் மனைவிக்கு, ஒரு மைக்ரோவேவ் கொண்டுவந்தார். அந்த அம்மாளோ, கரண்டில் வெந்ததைப் பெருமாளுக்கு நைவேத்தியமாகக் கண்டருளப் பண்ண முடியாது என்று அதைச் சமையலறைக்குள்ளேயே விடவில்லை. பெட்டி எங்கள் ஷெட்டுக்கு வந்தது, டீ சுடவைக்க.

அதற்குமுன் நாங்கள் சாக்ஸ்லெட் என்ற கண்ணாடிக் கருவியில் வேலை செய்தோம். கீழே ஆல்கஹால் கொதிக்கும், ஆவி மேலே போய்க் குளிர்ந்து விதைத் தூளின் மேல் சொட்டும், மறுபடி கீழே இறங்கும். ஒரு பேட்சுக்கு எட்டு மணி நேரம். அடையாறில் ஒரு லைப்ரரியில் பழைய ஜர்னல்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, இதே வேலையை மைக்ரோவேவில் சில நிமிடங்களில் முடிக்கலாம் என்று படித்தேன். விதைக்குள் இருக்கும் ஈரம் உள்ளிருந்தே சூடாகிறது. செல் சுவர் வெடிக்கிறது. உள்ளே இருக்கும் சரக்கு வெளியே வந்துவிடுகிறது.

தனத்திடம் இதைச் சொன்னேன். சோளம் பொரிகிற மாதிரியா என்று கேட்டார். அதேதான் என்றேன்.

ஊறவைத்து அரைத்த வெந்தயம், அதில் தண்ணீர் கலந்த ஸ்பிரிட், அடி அகன்ற கண்ணாடிக் குடுவையான ஒரு கோனிக்கல் ஃபிளாஸ்க். டீ சுடவைத்த பெட்டியில் எட்டு மணி நேர வேலை அரை மணி நேரத்தில் முடிந்தது. சரக்கும் சாக்ஸ்லெட்டில் வந்ததைவிட அதிகம். எம்.டி. என் தோளில் தட்டி, பாம்பேயில் சரக்கு வாங்குகிற பையர் ஒருத்தர் கண்ணில் இது பட்டால் போதும், உனக்கு நிஜமான மெஷினே வாங்கித் தருகிறேன் என்றார். நான் தரையில் நடக்கவில்லை.

3. அட்டையில் எழுதிய சட்டம்

வெந்தயத்தை ஊறவைத்தால் எப்படி வழவழக்கும் என்று வீட்டில் பார்த்திருப்பீர்கள். அந்தக் கோந்துதான் எங்களுக்கு எமன். ஃபிளாஸ்கின் அடியில் அது கெட்டியாக மூடிக்கொள்ளும். அதற்குக் கீழே ஆல்கஹால் ஆவி அடைபட்டுக் கிடக்கும். பெட்டியை நிறுத்தியவுடன் கதவைத் திறந்து ஃபிளாஸ்கை அசைத்தால் மொத்தமும் ஒரே வீச்சில் வெளியே பீய்ச்சும். ஒருமுறை என் செருப்பு மேல் கொட்டியது. அன்றைக்கே ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதிப் பெட்டிக்கு மேலே ஒட்டினேன்.

‘முப்பது செகண்ட் ஓட்டு. நிறுத்து. கதவைத் திறக்காமல் மூன்று நிமிடம் பொறு. பிறகு எடுத்து ஐஸ் தொட்டியில் வை.’

ஒரு பேட்சுக்கு இப்படி ஆறு தடவை. நான் எழுதிய சட்டத்தை என்னைவிட ஒழுங்காகக் காப்பாற்றியவர் தனம். கடிகாரத்தைப் பார்ப்பதோடு நிற்கமாட்டார். பெட்டி நின்றதும் அடைபட்ட ஆவி வெளியேற, உள்ளே ஃபிளாஸ்க் களக் களக்கென்று கொஞ்ச நேரம் பேசும், பிறகு அடங்கும். காதை வைத்து அதைக் கேட்டபிறகுதான் கதவில் கை வைப்பார். எடுக்கிற வேலையையே அவரிடம் விட்டுவிட்டேன். எனக்குக் கை நடுங்கும், அவருக்கு நடுங்காது.

நாலடி தள்ளி இன்னொரு மேசையில் கம்பிச்சுருள் ஹீட்டர் ஒன்று எப்போதும் சிவந்திருக்கும். சரக்கைக் காயவைக்கும் வெந்நீர்த் தொட்டிக்கு அது வேண்டும். மூன்று நிமிடம் பொறுத்தால் அந்த ஹீட்டரால் ஒரு தொந்தரவும் இல்லை என்பது என் கணக்கு.

எம்.டி.யும் ஒரு சட்டம் வைத்திருந்தார். ராகு காலத்தில் புது பேட்ச் எதையும் ஆன் செய்யக்கூடாது. ஓடுகிறது ஓடலாம், புதிதாக ஆரம்பிக்கக்கூடாது. சுவரில் தினசரி காலண்டர் தொங்கும். வெள்ளிக்கிழமை என்றால் பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை நாங்கள் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்போம். எனக்கு அதில் துளி நம்பிக்கை கிடையாது. வீட்டில் மனைவியிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

4. வெள்ளிக்கிழமை

பாம்பே பையர் அந்த வெள்ளிக்கிழமை வந்தார். எம்.டி. அவரை ஹோட்டலிலிருந்து பன்னிரண்டு மணிக்குமேல் அழைத்துவருவதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் நான்கு பேட்ச் சரக்கு காய்ந்து பொடியாகித் தட்டில் இருக்கவேண்டும். காலையில் ஐஸ் வண்டி தாமதமாக வந்தது. அதனால் எல்லாம் தள்ளிப்போனது. மூன்றாவது பேட்ச் ஆறாவது தடவை ஓடி நின்றபோது சுவர்க் கடிகாரத்தில் பத்து இருபத்தேழு.

நான்காவது ஃபிளாஸ்க் என் கையில் தயாராக இருந்தது. பத்தரைக்குள் அதை உள்ளே வைத்து ஆன் செய்யவேண்டும். மூன்று நிமிடம் பொறுத்தால் பத்தரை. அதற்குமேல் பன்னிரண்டு மணி வரை தொடக்கூடாது.

எம்.டி. அங்கே இல்லை. அவசரப்படுத்தி யாரும் போன் செய்யவில்லை. பத்து முப்பத்தைந்துக்கு ஆன் செய்துவிட்டுப் பத்து இருபத்தைந்து என்று லாக் புக்கில் எழுதியிருந்தால் ஒரு குருவிக்கும் தெரிந்திருக்காது. இதையெல்லாம் அன்றைக்கு யோசிக்கத் தோன்றவில்லை. ஆள் இல்லாத இடத்திலும் அவருடைய காலண்டரைப் பார்த்து வேலை செய்தேன். அப்படிப்பட்ட விசுவாசம்.

தனம் பெட்டியின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். எடுத்துவிடுங்கள் என்றேன்.

“சார், இன்னிக்கு அது பேசவே இல்ல. கம்முனு கீது. கொஞ்சம் வுட்டு எடுக்கலாம்.”

“பரவால்ல, எடுங்க தனம். பத்தரை ஆகப்போகுது.”

அவர் என்னைப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார். பிறகு துணியைக் கையில் சுற்றிக்கொண்டு கதவைத் திறந்தார்.

ஃபிளாஸ்கைத் தூக்கியதும் அது முகத்துக்கு நேராகப் பீய்ச்சியது. சுடுகிற ஆல்கஹாலும் வெந்தயக் கூழும் முகம், கழுத்து, இரண்டு கை, ஜாக்கெட் எல்லாம். அவர் அலறிக்கொண்டு பின்னால் போனார். பின்னால் ஹீட்டர். நீல நிறத்தில் ஒரு தீ எழுந்தது. பகல் வெளிச்சத்தில் அது சரியாகக்கூடத் தெரியவில்லை. ஐஸ் சுற்றிவந்த ஈரச் சாக்கை எடுத்து அவர்மேல் போட்டு அமுக்கினேன். எல்லாம் பத்து பதினைந்து செகண்ட் இருக்கும். எனக்குப் புருவம் மட்டும் பொசுங்கியது.

ராகு காலம் ஆரம்பித்தபோது நாங்கள் ஆட்டோவில் இருந்தோம்.

5. கேஷுவாலிட்டி

நான் ஒளித்து வைத்திருக்கும் பகுதி இதுதான். வேண்டியவர்கள் எவரிடமும் இதுவரை முழுதாகச் சொன்னதில்லை.

ஸ்பிரிட் வைத்திருக்க கலால் பர்மிட் வேண்டும். எங்கள் பர்மிட் ஈக்காட்டுத்தாங்கல் ஃபேக்டரிக்கு மட்டும். தி. நகர் ஷெட்டில் எட்டு கேன் ஸ்பிரிட் திருட்டுத்தனமாக இருந்தது. ஃபேக்டரியிலிருந்து அதை எடுத்துவந்ததற்கு ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டவன் நான். ஆட்டோவில் என் பக்கத்தில் தனம் முனகிக்கொண்டிருக்கிறார், என் மண்டைக்குள் அந்த எட்டு கேனும் உருண்டுகொண்டிருக்கிறது.

அரசு ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டியில் ரெஜிஸ்டர் எழுதுகிறவர் எப்படி நடந்தது என்று கேட்டார். ஸ்டவ் வெடித்துவிட்டது என்றேன். எங்கே என்றார். வீட்டில் என்றேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் எழுதிக்கொண்டார். அந்த இடத்தில் தினமும் எழுதுகிற வரிதான் போலிருக்கிறது. ஸ்ட்ரெச்சரில் தனம் இரண்டு அடி தள்ளிக் கிடந்தார். உதடு வீங்கிவிட்டதால் பேச முடியவில்லை.

எம்.டி. ஒன்றரை மணிக்கு வந்தார். பையரை சாப்பிட உட்காரவைத்துவிட்டு வந்ததாகச் சொன்னார். நான் சொன்னதைக் கேட்டதும் அவருக்கு மூச்சு வந்தது.

“நல்ல காரியம் பண்ணினேள். அது அப்படியே இருக்கட்டும். அவளுக்கு வேண்டியதை நான் பார்த்துக்கறேன்.”

சாயங்காலத்துக்குள் ஷெட்டில் கேன் இல்லை, பெட்டி இல்லை. சுவரில் என் அட்டையையும் கிழித்திருந்தார்கள்.

6. வீட்டில் வெடித்த ஸ்டவ்

ஆற்றோரக் குடிசை, உடம்பெல்லாம் தீக்காயத்தோடு ஒரு பெண், வீட்டில் ஸ்டவ் வெடித்தது என்று ரெஜிஸ்டரில் ஒரு வரி. போலீஸ்காரருக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? நேராகப் புருஷனைத் தேடிப் போனார்கள். கோவிந்தனுக்கு அன்றைக்கு வேலை இல்லை. வீட்டில் படுத்திருந்தார். முதல் நாள் அவர் குடித்துவிட்டு வந்து மனைவியோடு சண்டை போட்டதை அக்கம்பக்கம் சொல்லியிருக்கிறார்கள். எண்ணெய் ஊற்றிக் கொளுத்தினாயா என்று கேட்டு ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் செல்வி ஷெட்டுக்கு வந்தாள். அழவில்லை. அம்மா எட்டு மணிக்குத் தன்னோடு நடந்து வேலைக்கு வந்ததைச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். அப்பனைக் காப்பாற்றப் பெண் பொய் சொல்கிறாள் என்று விரட்டிவிட்டார்களாம்.

“அப்பாவ போட்டு அடிக்கிறாங்க சார். நீ வந்து ஒரு வார்த்த சொல்லு, அம்மா இங்கதான் இருந்துச்சுன்னு. அது போதும்.”

ஒரு வார்த்தை. எம்.டி.யிடம் பேசிவிட்டு வருகிறேன் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மயிலாப்பூருக்குப் போனேன். எம்.டி. ஊஞ்சலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை வக்கீலைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். கோவிந்தன் குடிகாரன்தானே, இரண்டு நாள் உள்ளே இருந்தால் தேய்ந்துவிடமாட்டான் என்றார். உங்கள் கையெழுத்துதான் ரெஜிஸ்டரில் இருக்கிறது என்பதையும் ஞாபகப்படுத்தினார். மாமி காபி கொடுத்தார். குடித்தேன். அந்தக் காபியைக் குடித்ததற்காக என்னை நானே இன்றுவரை மன்னிக்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் ஷெட் வாசலில் செல்வி நின்றுகொண்டிருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை, சும்மா நின்றாள். கேட்டிருந்தால் இன்னொரு நாளுக்கு ஏதாவது சாக்குச் சொல்லியிருப்பேன். அப்படியே திரும்பி ஸ்டேஷனுக்குப் போனேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். கார் ஷெட், ஸ்பிரிட், பெட்டி, மூன்று நிமிடம், எடு என்று சொன்னது நான்தான் என்பது வரை. இன்ஸ்பெக்டர் முழுதும் கேட்டுவிட்டு, “எம்.எஸ்சியா நீ? மூணு நாளா வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்தே?” என்றார். அவர் ஆட்கள் மூன்று நாளாகச் செய்தது பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கேட்கிற யோக்கியதை எனக்கும் இல்லை.

கோவிந்தனை வெளியே விட்டார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். இடது கணுக்கால் வீங்கிப் பந்தாகியிருந்தது. செல்வி தோளைக் கொடுத்தாள். நானும் பிடிக்கப் போனேன். என் கையை அவர் தட்டிவிட்டார்.

7. வார்டில்

கலால்காரர்கள் வந்து ஷெட்டுக்கு சீல் வைத்தார்கள். எனக்கு வேலை போனது, கேஸும் வந்தது. எம்.டி. ஒரு வருடத்துக்குள் வேறு பெயரில் வேறு இடத்தில் ஆரம்பித்துவிட்டார். அந்தக் கதை வேண்டாம், வாய் கெட்டுப்போகும்.

தனத்துக்கு வலது கண் போய்விட்டது. இரண்டு கையிலும் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. ஐந்து வாரம் கழித்து, பேச ஆரம்பித்துவிட்டார் என்று கேள்விப்பட்டு வார்டுக்குப் போனேன். சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போனேன். விரல் ஒட்டிப்போனவருக்கு உரிக்கிற பழம் வாங்கிப் போயிருக்கிறேன், பாருங்கள் என் புத்தியை.

கொசுவலைக்குள் படுத்திருந்தார். ஒரு கண்ணால் என்னைப் பார்த்தார். மன்னிப்புக் கேட்க வந்தவன் ஐஸ் வண்டி தாமதமானதைப் பற்றி ஏதோ உளறினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு கோவிந்தனைப் பற்றிச் சொன்னார். கணுக்கால் எலும்பு கோணலாக ஒட்டிக்கொண்டதாம். நடக்கலாம், ஆனால் இனிமேல் சாரம் ஏற முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். தரையில் நின்று அடிக்கிற பெயின்டரை யார் கூப்பிடுவார்கள் என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. அதைக் கேட்டுத்தான் எனக்குப் பயம் வந்தது.

“ஸ்டவ்வு வெடிச்சுச்சுன்னு நீ சொன்னது என் காதுல வுழுந்துச்சு சார். வேல போய்டும்னு பயந்துட்ட. சரி, பயம் யாருக்கு இல்ல?”

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார்.

“அன்னிக்கு மூணு நிமிசம் பொறுக்க முடியல உனுக்கு. என் ஊட்டுக்காரர அங்க வெச்சி மூணு நாளு அடிச்சாங்களே, அத்த மட்டும் எப்படி சார் பொறுத்துக்கினு இருந்த?”

சாத்துக்குடியை ஸ்டூல் மேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன். மறுபடி போகவில்லை. பின்னால் அந்த ஆற்றோரத்தைக் காலி செய்து, இருந்தவர்களை ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டார்கள். எங்கே என்று விசாரித்திருக்கலாம். விசாரிக்கவில்லை.

கடைசியாக நான் வேலை பார்த்தது பெருங்குடியில், ஒரு பெரிய லேபில். அங்கே நிஜமான மெஷின் இருந்தது. உள்ளே சூடு தணியும் வரை கதவு தானாகவே பூட்டிக்கொள்ளும். திறக்க ஒரு நம்பர் உண்டு, அது என்னிடம் இருந்தது. சின்னப் பிள்ளைகள் வந்து கெஞ்சுவார்கள், சார், பையர் உட்கார்ந்திருக்கிறார், நம்பரைப் போடுங்கள் என்று. நான் கத்திய கத்தில் ஓடிவிடுவார்கள். கிழவனுக்கு வெந்தயக் கிறுக்கு என்று எனக்குப் பின்னால் சிரிப்பதும் காதில் விழும். சிரிக்கட்டும்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற உங்களுக்கு எக்ஸ்ட்ராக்ஷன் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை, எல்லாம் மேனுவலில் இருக்கிறது. மேனுவலில் இல்லாததை மட்டும் சொல்கிறேன். மெஷின் முன்னால் மூன்று நிமிடம் என்றால் மூன்று நிமிடம் பொறுங்கள், யார் வந்து நின்றாலும் சரி. அப்படியும் தப்பு நடந்துவிட்டால், அதைச் சொல்ல மூன்று நிமிடம்கூடப் பொறுக்காதீர்கள்.